லென்ஸுக்கு வெயில் காட்டிய நாள்

என் மாமி எந்தச் சேலையில் சாவது என்று எப்போதோ முடிவு செய்துவிட்டார். எந்த நாளில் என்பது மட்டும்தான் பாக்கி. சேலை, அவருடைய கூறை. நாற்பத்தாறு வருடத்துக்கு முன் கலியாணத்தில் உடுத்தது. கணவன் உயிரோடு இருக்கையில் போகிற பெண்ணைக் கூறை உடுத்தித்தான் அனுப்புவார்கள். ஆகவே மாமாவை முந்திவிட வேண்டும் என்பதில் மாமி உறுதியாக இருந்தார். மாமாவுக்குப் பிரஷரும் சீனி வருத்தமும் உண்டு. அவர் தேநீருக்கு இரண்டாவது கரண்டி சீனி போடும்போதெல்லாம் மாமி அதைத் தனக்கெதிரான சதியாகவே பார்ப்பார். "என்னை முந்தப் பாக்கிறீங்களா?" என்று கேட்பார். மாமா ஓய்வுபெற்ற தபாலதிபர். பதில் எழுதத் தேவையில்லாத கடிதங்களை அவருக்கு அடையாளம் தெரியும். கலக்கிக்கொண்டே இருப்பார்.

மட்டக்களப்பில் ஆண்பிள்ளை கலியாணம் முடித்தால் பெண்வீட்டுக்குத்தான் போவான். நானும் அப்படி மண்டூருக்கு, மாமா மாமியோடு இருக்க வந்தவன். முன்வாசலில் நின்றால் வாவி தெரியும், பின்கதவைத் திறந்தால் நெல் விளையும் வட்டை. பதினெட்டு வருடம் ஒரு கொழும்புப் பத்திரிகைக்குச் செய்தி அனுப்பிவிட்டு, இப்போது கலியாணம், சாமத்தியச் சடங்கு, கோயில் கொடியேற்றம் என்று படம் எடுத்துச் சீவிக்கிறேன். மனைவி பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறார். வீடு அவருடையது. தளபாடமும் அவருடையது. எனக்கென்று அந்த வீட்டில் இருந்தது ஒரு மர அலுமாரி மட்டும்.

அந்த அலுமாரியின் அடித்தட்டில் இருபத்தைந்து வாற்று பல்ப் ஒன்று இரவும் பகலும் எரிந்துகொண்டிருக்கும். காரணம் வாவி. வாவி வீட்டுக்குள் வருவதற்குக் கதவு தேவையில்லை. உப்புப் போத்தலுக்குள் வரும், தலையணைக்குள் வரும், லென்ஸுக்குள் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே இருக்கிற மயிரிழை இடைவெளிக்குள்ளும் வரும். வந்த ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். பிடித்த பூஞ்சணம் கண்ணாடியின் மேற்பூச்சைத் தின்னும். பல்ப் ஒன்று மெல்லிய சூடு கொடுத்துக்கொண்டிருந்தால் அலுமாரிக்குள் ஈரம் தங்காது. இவ்வளவுதான் விஞ்ஞானம்.

கதவு இடுக்கு வழியே மஞ்சள் வெளிச்சம் ஒழுகுவதால் வீட்டுக்கு வருகிறவர்கள் அதைச் சாமி அலுமாரி என்று நினைப்பதுண்டு. ஒருமுறை நெல்லுக் குத்த வேலை கேட்டு வந்த ஒரு அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு அதன்முன் நின்று கும்பிட்டார். நான் தடுக்கவில்லை. உள்ளே இருப்பதன் விலை தெரிந்தால் மாமாவும் கும்பிடுவார்.

சனிக்கிழமை காலையில் விறாந்தை மேசையில் வெள்ளைத் துவாய் விரித்து, அந்த வாரம் பயன்படுத்தியதையெல்லாம் எடுத்து வைப்பேன். முதலில் காற்று. பாமசியில் காது கழுவ விற்கிற ரப்பர்க் குமிழால் தூசியை ஊதிவிட வேண்டும். பிறகு பூனைமயிர்த் தூரிகை. அதற்கும் போகாத அழுக்குக்கு மட்டும் துணியில் ஒரு துளி மருந்து. மருந்தைத் துணியில்தான் விட வேண்டும், கண்ணாடியில் விட்டால் ஓரத்தால் உள்ளே இறங்கிவிடும். நடுவிலிருந்து வெளியே, வட்டமாக, அழுத்தாமல் துடைக்க வேண்டும். ஊதாமல் துடைக்கிறவன் தூசியை மணல்தாளாகப் பயன்படுத்துகிறான். கடற்கரைக் கலியாணம் ஒன்றுக்குக் கதிரவெளிக்குப் போய் வந்தால் இரண்டு மணித்தியாலம் ஊத வேண்டியிருக்கும். அந்தப் பக்கத்து உப்புக்காற்று வெள்ளைப் பொடியாகத் திருகாணிகளில் படிந்து நிற்கும்.

மாமி இந்தச் சடங்கைத் தூணில் சாய்ந்து நின்று பார்ப்பார். "மருமகன் பிள்ளைக்குக் காது கழுவுறார்" என்று உள்ளே மாமாவுக்கு அறிவிப்பார்.

போன ஐப்பசியில், மழை தொடங்குகிற நேரத்தில், மாமா மின்சாரத்தைச் சிக்கனம் செய்வதென்று தீர்மானித்தார். ஒரு பை நிறைய எல்.ஈ.டி. பல்ப் வாங்கி வந்து வீடு முழுக்க மாற்றினார். கிணற்றடி, கோழிக்கூடு, கழிப்பறை ஒன்றையும் விடவில்லை. என் அலுமாரியையும் விடவில்லை. அன்று பின்னேரம் நான் கதவைத் திறந்து பார்த்தேன். பல்ப் எரிந்தது. முன்பைவிடப் பிரகாசமாக எரிந்தது. திருப்தியுடன் மூடினேன்.

கையை வைத்துப் பார்த்திருக்க வேண்டும். அந்தப் பல்பில் சூடு இல்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று மூன்று மாத அடைமழைக்குக் காற்றோட்டமில்லாத, ஈரமான, நன்றாக வெளிச்சம் போட்ட ஓர் அறையை நான் பூஞ்சணத்துக்கு ஒழுங்கு செய்து கொடுத்திருந்தேன். அதற்குப் புத்தகம் வாசிக்கும் பழக்கம் இருந்திருந்தால் வாசித்திருக்கும்.

தைப்பொங்கல் கழிந்து ஒரு பெண்பிள்ளையின் முகத்தை நெருக்கமாக எடுப்பதற்காக எண்பத்தைந்து மில்லிமீற்றர் லென்ஸை எடுத்தேன். மழைக்காலத்தில் கலியாணம் குறைவு, அதனால் அது மூன்று மாதமாகச் சும்மா கிடந்தது. முகம் எடுப்பதற்கு என்னிடம் இருக்கிற ஒரே நல்ல லென்ஸ் அதுதான். ரோர்ச் அடித்துப் பார்த்தேன். முன்கண்ணாடிக்குப் பின்னால், உள்பக்கத்தில், ஓரமாக வெள்ளை நூல் நூலாக ஒரு வலை. வெளியே இருந்தால் துடைக்கலாம். உள்ளே இருப்பதை ரப்பர்க் குமிழால் ஊத முடியாது, வைய மட்டும்தான் முடியும். வைதேன். மாமா வந்து எட்டிப் பார்த்தார், நிலைமையை விளங்கிக்கொண்டார், வட்டையில் வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பத்திரிகைக் காலத்தில் ஒரு கைவைத்தியம் கேள்விப்பட்டிருந்தேன். ஆரம்பப் பூஞ்சணத்துக்கு வெயில் ஆகாது. லென்ஸின் இரண்டு மூடியையும் கழற்றி, உள்ளே வெயில் ஊடுருவிப் போகும்படி சூரியனை நோக்கி வைத்தால் வளர்வது நிற்கும், பாதி காய்ந்தும் விடும். செய்து பார்ப்பது என்று முடிவெடுத்தேன். ஆனால் வெயில் வேண்டுமே.

தை கடைசியில்தான் வானம் வெளுத்தது. மழை விட்ட முதல் நல்ல வெயிலுக்கு மண்டூரே வீட்டுக்கு வெளியே வந்து கிடக்கும். றோட்டில் பாதிக்கு நெல். மதிலில் தலையணை. கூரையில் மிளகாய். ஒரு வீட்டு முற்றத்தில் பிறப்புச் சான்றிதழ்கள் வரிசையாகக் கல் வைத்துக் காய்ந்ததைக்கூடப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்குள் இருக்கிறவர்களின் இரகசியமெல்லாம் அன்று ஒரு நாள் பகிரங்கமாகும். செய்தியாளனுக்கு அதைவிட நல்ல நாள் கிடையாது.

எங்கள் முற்றத்தில் நெல் காயவைக்கிற சீமெந்துத் தளம் ஒன்று உண்டு. அதன் விளிம்பில் இரண்டு செங்கல்லைப் படுக்க வைத்து, நடுவே இரண்டு விரல் இடைவெளி விட்டு, மேலே லென்ஸை நிறுத்தினேன். இடைவெளி எதற்கென்றால் பின்பக்கத்துக்கும் காற்றுப் போக வேண்டும். சூரியனை நேரே பார்க்கும்படி அடியில் ஒரு தேங்காய்ச் சிரட்டைத் துண்டைக் கொடுத்துச் சரித்தேன். வேலை சுத்தம்.

தளத்தை ஒட்டி, மாமர நிழலில், பன்பாய் விரித்து மாமி தன் இரும்புப் பெட்டியைக் காலி செய்துகொண்டிருந்தார். கூறை வெளியே வந்தது. கருஞ்சிவப்பு, கரையில் பழைய சரிகை. பட்டுக்கு நேர்வெயில் ஆகாது, நிழல் காற்றுத்தான் வேண்டும் என்பது மாமியின் சட்டம். அந்தச் சேலை சூறாவளியில் கூரை போன வீட்டுக்குள் நனையாமல் இருந்தது. மூன்று தரம் இடம்பெயர்ந்தபோது அரிசிப் பைக்குள் போய்த் திரும்பி வந்தது. மாமி அதை விரித்து, முகர்ந்து, அகலவாட்டில் மடித்துப் பாயில் கிடத்தினார். தன்னைக் கிடத்துவதற்கு ஒத்திகை பார்ப்பதுபோல இருந்தது.

பத்தரை மணிக்குக் கொழும்பில் கமரா திருத்துகிறவரிடமிருந்து அழைப்பு வந்தது. முதல்நாள் நான் அழைத்தபோது கிடைக்காதவர். அலைவரிசை கிடைப்பது முன்வாசலில் மட்டும்தான், அதனால் வீட்டைச் சுற்றிக்கொண்டு வாவிப் பக்கம் போனேன். அவர் பேச்சுப் பிரியர். பூஞ்சணத்தின் வகைகள், பஸ் பார்சலில் உடைந்து வந்த லென்ஸுகள், தன் மகனின் மேற்படிப்பு என்று போனது. கடைசியில் வெயில் வைத்தியத்தைப் பற்றிக் கேட்டேன்.

"வைக்கலாம், வைக்கலாம்" என்றார். "ஒண்டு மட்டும் கவனம். லென்ஸுக்குப் பின்னால ஒண்டும் இருக்கக் கூடாது. பூதக்கண்ணாடிதானே. எரிச்சுப் போடும்."

சீமெந்துதான் இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னேன்.

திரும்பி வந்தபோது முதலில் மூக்குக்குத்தான் செய்தி கிடைத்தது. மயிர் கருகுகிற மணம். பட்டும் மயிரும் எரிந்தால் ஒரே மணம்தான் வரும். கூறையின் மடித்த தலைப்பு என் இரண்டு செங்கல்லுக்கும் நடுவே, லென்ஸுக்கு நேர் கீழே புடைத்துக் கிடந்தது. அதன் நடுவில் ஒரு கறுப்புக் கோடு. அதன் முனையிலிருந்து நூல்போலப் புகை எழும்பிக்கொண்டிருந்தது. மரநிழல் ஒரு முழம் நகர்ந்திருந்தது.

லென்ஸைத் தூக்கினேன். சேலையை இழுத்தேன். கோட்டின் நீளம் இரண்டு சென்ரிமீற்றர். பள்ளிக்கூடத்தில் படித்த வெயில் பதிகருவி நினைவுக்கு வந்தது. ஒரு கண்ணாடி உருண்டை, அதன் பின்னால் ஓர் அட்டை, வெயில் அடித்த நேரமெல்லாம் அட்டையில் எரிந்த கோடாக விழும். அந்தக் கணக்குப்படி நான் ஐம்பது நிமிடம் தொலைபேசியில் நின்றிருக்கிறேன். அழைப்புப் பட்டியலைப் பார்த்தேன். ஐம்பத்திரண்டு.

மடித்த சேலை என்பதால் ஒரு கோட்டோடு முடியவில்லை. விரித்தேன். முதல் மடிப்பில் முழு ஓட்டை. இரண்டாவதில் அதன் தம்பி. மூன்றாவதில் ஒரு கறுத்த பொட்டு. நாலாவதில் வெறும் பழுப்பு. நான்கும் ஒரே இடைவெளியில் வரிசையாக நின்றன.

முற்றத்தில் யாருமில்லை. மாமி அடுக்களையில் தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது. நான் யோசித்தது மிகக் குறைவு. காற்று சேலையைத் தூக்கிக் கொண்டுவந்து போட்டுவிட்டது, என் கண்ணாடி எரித்துவிட்டது, சூறாவளியும் யுத்தமும் செய்யாததை மருமகன் செய்துவிட்டான் என்பது வரைக்கும்தான் யோசித்தேன். எரிந்த பகுதி உள்ளே போகும்படி மடித்து, வெள்ளை வேட்டியில் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்து மூடினேன். அடுக்களை வாசலில் நின்று, மழை வரும்போல இருந்தது, கூறையை எடுத்து வைத்துவிட்டேன் என்று மாமியிடம் சொன்னேன்.

மாமி துருவுவதை நிறுத்தினார். யன்னலால் வானத்தைப் பார்த்தார். அதில் ஒரு பஞ்சுத் துண்டுகூட இல்லை. "நல்லது மருமகன்" என்றார். மறுபடி துருவத் தொடங்கினார்.

பின்னேரம் மனைவி வந்ததும் விசயம் அவர் காதுக்குப் போய்விட்டது. "நீங்க சேலை மடிச்சீங்களாம்?" என்று கேட்டார். ஓம் என்றேன். "பதினோரு வருசமா உங்கட சேட்டு, சாரம் எல்லாம் நான்தானே மடிக்கிறன்" என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை. கணித ஆசிரியர்கள் விடை பிழை என்று தெரிந்தபின் வழியைப் பார்ப்பதில்லை.

அடுத்த மூன்று வாரமும் வீட்டில் ஒரு விசித்திரமான மரியாதை நிலவியது. மாமி எனக்கு மீனில் நடுத்துண்டு வைத்தார். நான் மாமிக்கு வெற்றிலை வாங்கி வந்தேன். சனிக்கிழமை துவாயை விரித்தால் அவர் தூணடிக்கு வருவதில்லை. வந்தாலும் தூர நின்று, அந்தப் பெரிய கண்ணாடி சுகமா என்று கேட்டுவிட்டுப் போனார். லென்ஸின் நலத்தை மாமி விசாரித்தது அதுதான் முதல்தடவை. சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நானோ அவர் பெட்டிப் பக்கம் போகும்போதெல்லாம் வாவிப் பக்கம் போவதில் மும்முரமாக இருந்தேன். இடைக்கிடை, மாமி போய்ச் சேர்ந்து, பெண்கள் கூடி, கூறையை உதறி விரிக்க, எரிந்த நான்கு இடமும் வரிசையாகத் தெரிகிற காட்சி மனதில் ஓடும். அந்தக் காட்சியில் எல்லோரும் திரும்பி என்னைத்தான் பார்ப்பார்கள்.

லென்ஸ் தேறிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகும் ஆறு நாள் வெயில் காட்டினேன், பின்பக்கத்தில் அலுமினியத் தாள் சுற்றி, பக்கத்தில் கதிரை போட்டுக் காவல் இருந்து. வலையில் முக்கால்வாசி கரைந்துவிட்டது. ஓரத்தில் ஒரு நகக்கீறல் அளவு மட்டும் மிச்சம். அலுமாரிக்குப் பழைய மாதிரிப் பல்ப் தேடிக் களுவாஞ்சிக்குடிக் கடைகளில் அலைந்து, கடைசியில் கோழிக்குஞ்சு வளர்க்கிற சாமான் விற்கிற இடத்தில் கண்டெடுத்தேன். குஞ்சுக்கும் கமராவுக்கும் தேவை ஒன்றுதான்.

மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மாமிக்கு நெஞ்சு குத்தியது. வியர்த்தது. இடக்கையைப் பிடித்துக்கொண்டு கதிரையில் சரிந்தார். மனைவி பள்ளிக்கூடத்தில். நான் ஆட்டோ பிடித்தேன். பெரிய ஆஸ்பத்திரி அக்கரையில் இருக்கிறது. வாவியைத் தாண்ட வேண்டும். தாண்டுவதற்கு இருப்பது பாதை. இயந்திரம் பூட்டிய தட்டைப் படகை நாங்கள் பாதை என்போம். ஆட்டோ, மோட்டார் சைக்கிள், ஆடு, மனிதர் எல்லோரையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு அது தன் பாட்டில் போகும். யாருடைய நெஞ்சு வலிக்காகவும் அது வேகம் கூட்டியதில்லை.

மாமா இறங்கிப் படகோட்டியிடம் கொஞ்சம் விரைவாக விடச் சொல்லிக் கேட்டுக்கொண்டு நின்றார். ஆட்டோவுக்குள் நானும் மாமியும் மட்டும். அவர் கண்ணை மூடி என் தோளில் சாய்ந்திருந்தார். நடு வாவியில், "மருமகன்" என்றார். குரல் கீழே போயிருந்தது.

"சொல்லுங்க மாமி."

"கூறை..."

அவர் முடிக்கவில்லை. நான் முந்திக்கொண்டேன். பதினெட்டு வருடத் தொழிலில் எத்தனையோ பேர் இழுத்தடித்துச் சொன்ன வாக்குமூலங்களை எழுதியவன், என்னுடையதை ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

"கூறையில ஓட்டை விழுந்திரிச்சு மாமி. நான் வெயிலுக்கு வச்ச கண்ணாடிதான் எரிச்சது. மறைச்சு மடிச்சு வச்சதும் நான்தான்."

மாமி ஒரு கண்ணைத் திறந்தார்.

"அது எனக்கு அண்டைக்கே தெரியும்" என்றார். "காத்து சேலையத் தூக்கிச்சு. உங்கட கல்லு ரெண்டும் சும்மாதானே கிடந்திச்சு. தூக்கிச் சேலைக்கு மேல பாரமா வச்சது நான்தான்."

பக்கத்தில் ஒரு ஆடு தும்மியது.

"நான் பயந்தது உங்கட கண்ணாடிக்கு" என்றார் மாமி. இப்போது இரண்டு கண்ணும் திறந்திருந்தன. "சேலையே எரிஞ்ச சூட்டுக்குக் கண்ணாடி வெடிச்சிருக்கும். என்ட முகத்துக்காகத்தான் மருமகன் வாய் திறக்காம இரிக்கார் எண்டு நினைச்சன்."

"கண்ணாடிக்கு ஒண்டுமில்ல மாமி."

"பூஞ்சணம்?"

"முக்கால்வாசி போயிட்டு."

"அப்ப எரிஞ்சது வீண் போகல்ல" என்றார். மூச்சை இழுத்து விட்டார். பிறகு, தொடங்கியதை முடிக்கிற கவனத்தோடு சொன்னார்: "நான் சொல்ல வந்தது அதில்ல. நான் அத உடுத்துப் பாத்திட்டன். தலைப்ப மாத்தி உள்ளுக்க விட்டு உடுத்தா எரிஞ்ச இடம் நாலும் கொய்யகத்து மடிப்புக்குள்ள போயிரும். மகளிட்ட சொல்லுங்க. கிடத்தின ஆள எழுப்பி விட்டு ஆரும் சேலை பாக்கப் போறதில்ல."

அக்கரை வந்தது.

ஆஸ்பத்திரியில் நெஞ்சுக்கு ஈ.சி.ஜி. எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள், இரண்டு மணித்தியாலம் கழித்து மறுபடி எடுத்தார்கள். இளம் டொக்டர் ஒருவர் வந்து மத்தியானம் என்ன சாப்பிட்டது என்று கேட்டார். பலாக்காய்க் கறி, என்றார் மாமா. எவ்வளவு என்று டொக்டர் கேட்டதற்கு மாமா கையால் காட்டினார். வாய்வுதான் என்று முடிவாகியது. மாமிக்கு அது கொஞ்சம் அவமானமாகப் போய்விட்டது. திரும்பும்போது பாதையில் முகத்தை வாவிப் பக்கம் திருப்பிக்கொண்டு வந்தார். மாமா மட்டும் மிக நல்ல மனநிலையில் இருந்தார். இறங்குதுறைக் கடையில் தேநீர் குடித்தார், இரண்டு கரண்டி சீனியோடு.

வீட்டுக்கு வந்ததும் தொலைபேசியை எடுத்துப் பார்த்தேன். அன்று முற்றத்தில் சேலையை இழுத்தெடுப்பதற்கு முன் பழக்கதோசத்தில் ஒரு படம் எடுத்திருந்தேன். எதைக் கண்டாலும் முதலில் ஒரு படம், பிறகுதான் பதற்றம். அந்தப் படத்தில் எல்லாம் தெளிவாக இருந்தது. சேலையின் இரண்டு விளிம்பும் செங்கற்களுக்கு அடியில். மேலே அல்ல, அடியில். காற்று சேலையைத் தூக்கிக் கல்லின்மேல் போடும். கல்லைத் தூக்கி அதற்குக் கீழே சேலையை விரிக்காது. சிரட்டைத் துண்டுகூட முன்பிருந்த அதே சரிவில் கவனமாகத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. மாமி என் ஒழுங்கைக் கெடுக்கவில்லை, அதனால்தான் எரிந்தது. நேற்று வேலைக்குச் சேர்ந்த செய்தியாளன் ஒருவன் அந்தப் படத்தைக் கொண்டுவந்திருந்தால், கல்லைத் தூக்கியது யார் என்று கேட்டிருப்பேன். நான் என்னைக் கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை துவாய் விரித்து உட்கார்ந்திருந்தேன். மாமி தூணடிக்கு வந்தார். கூறை உடுத்திருந்தார். தலைவாரிப் பூ வைத்திருந்தார். நாற்பத்தாறு வருட மடிப்புக் கோடுகள் சேலையில் சதுரம் சதுரமாக நின்றன. ஓட்டை எங்கே என்று தேடினேன். தெரியவில்லை.

மரண அறிவித்தலுக்கு ஒரு படம் வேண்டும் என்றார். மாமி பத்திரிகையில் வாசிப்பது அந்தப் பக்கம் மட்டும்தான், அதிலும் படங்களை. நானும் ஒருகாலத்தில் அந்தப் பக்கத்துக்குப் படம் அனுப்பியவன். பெரும்பாலும் அடையாள அட்டையிலிருந்து வெட்டியெடுத்ததுதான் வரும், கன்னத்தில் முத்திரையின் கால்வட்டத்தோடு. "என்ட அட்டைப் படத்தில சுற்றிவளைப்பில பிடிபட்ட ஆள் மாதிரி நிக்கிறன்" என்றார் மாமி. "அதப் போட்டீங்களெண்டா எழும்பி வருவன்."

எண்பத்தைந்தை எடுத்தேன். ஊதினேன். தூரிகை போட்டேன். ஒரு துளி மருந்து, நடுவிலிருந்து வெளியே. மாமி பக்கத்தில் வந்து குனிந்து கண்ணாடிக்குள் பார்த்தார். ஓரத்தில் மிஞ்சியிருந்த கீறலைக் காட்டினேன். அது படத்தில் விழுமா என்று கேட்டார். லென்ஸில் இருக்கிற அழுக்கு படத்தில் அப்படியே விழாது, வெயில் நேரே அடித்தால் மட்டும் வெளிறும், வெயிலை என் முதுகுக்குப் பின்னால் வைத்தால் ஒன்றும் தெரியாது என்று விளக்கினேன்.

"சேலைக்கும் அதுதான் கதை" என்றார் மாமி. "எந்தப் பக்கம் காட்டுறதெண்டு தெரிஞ்சாச் சரி."

மாமரத்தடியில் கதிரை போட்டு இருத்தினேன். நிமிர்ந்து இருந்தார். பதினான்கு படம் எடுத்தேன். எட்டாவதில் மாமா பின்னால் வந்து நின்று, தன்னையும் சேர்த்து எடுக்கலாமே என்றார். ஒருவருக்குத்தானே அறிவித்தல், என்று மாமி திரும்பாமலே சொன்னார். அந்த நேரம் உதட்டில் வந்த சிரிப்பு ஒன்பதாவது படத்தில் இருக்கிறது. அதுதான் நல்ல படம்.

பெரிதாக அச்சடித்துச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தேன். மனைவி கூடத்தில் மாட்டலாம் என்றார். மாமி விடவில்லை. சுவரில் தனியாகத் தொங்குகிற ஆளைப் பார்த்தால் வருகிறவர்கள் துக்கம் விசாரிக்கத் தொடங்கிவிடுவார்கள் என்பது அவர் வாதம். நியாயமானது. இரும்புப் பெட்டியில் வைத்தால் ஈரம் பிடித்துப் படம் போய்விடும் என்றேன். மாமி கொஞ்சம் யோசித்தார். பிறகு என் அலுமாரியைத் திறந்தார்.

இப்போது மேல்தட்டில் மாமியின் படம், வெள்ளை வேட்டியில் சுற்றிய கூறை. கீழ்த்தட்டில் என் கமராக்கள், லென்ஸுகள், நெருக்கியடித்துக்கொண்டு. அடியில் கோழிக்குஞ்சுப் பல்ப். எனக்கென்று இருந்த ஒரே தளபாடத்தில் பாதி போய்விட்டது. போனமாதம் அதே அக்கா வந்து அலுமாரிக்கு முன் நின்றபோது கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே மாமியின் படத்தைக் கண்டு, கும்பிட எடுத்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் தலையைச் சொறிந்தார்.

மாமி தினமும் பின்னேரம் அலுமாரிக்குள் கையை விட்டுப் பல்பைத் தொட்டுப் பார்க்கிறார். மூன்று மாதம் நான் செய்யாத வேலை அது. சுட்டால் கையை உதறிக்கொண்டு திருப்தியாக மூடுவார். நேற்று மூடிவிட்டு என்னிடம் வந்தார்.

"மருமகன், இதில இன்னும் ரெண்டு பல்ப் வாங்கி வைங்க" என்றார். "எனக்கு முந்தி இது போயிட்டா?"